முன்ஜென்மமும் தண்ணி லாரியும்

போன கோடையில் நடந்தது. மேடவாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட் போர்வெல் வற்றிப்போய், தண்ணி லாரிதான் கதி. விடிகாலை நாலு மணிக்கே லாரிக்காரன் ஹாரன் அடிப்பான். வாட்ச்மேன் வேலையை விட்டு நின்றுவிட்டதால் கேட்டைத் திறப்பது, தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டி நிரம்பும்வரை காவல் நிற்பது, மோட்டார் போடுவது எல்லாம் அசோசியேஷன் செகரெட்டரியான என் தலையில் விழுந்தது. அப்புறம் சமையல், ஆபீஸ், திரும்பவும் சமையல்.

அந்த நாட்களில் கண்மண் தெரியாமல் கோபம் வரும். ஒருநாள் குழாயை மூடவில்லை என்று, எட்டாவது படிக்கும் மகளைக் கன்னத்தில் அறைந்துவிட்டேன். அவள் அழக்கூட இல்லை. அன்றிலிருந்து நான் பக்கத்தில் போனாலே தோளைச் சுருக்கிக்கொள்வாள்.

நாத்தனார் அடித்துச் சொன்னாள். "இது போன ஜென்மத்து விவகாரம் அண்ணி. ரிக்ரெஷன் தெரபி பண்ணிக்கோங்க, ஹிப்னாடிஸம் பண்ணி முன்ஜென்மத்தைக் காட்டுவாங்க, சரியாயிடும்."

நம்பவும் முடியவில்லை, விடவும் மனசில்லை. கோபத்துக்கு நான் காரணமில்லை என்று யாராவது சொன்னால் போதும் என்றிருந்தது, அதுதான் நிஜம்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் கவுன்சலிங் தரும் ஒரு மேடத்திடம் போனேன். ரிக்ரெஷனோ ஹிப்னாடிஸமோ, இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள் என்றேன். "அதை அப்புறம் முடிவு பண்ணலாம்மா. முதல்ல கண்ணை மூடி மெதுவா மூச்சு விடுங்க" என்றார்.

கண் திறந்தபோது முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது. சொல்லாமலே ஹிப்னாடிஸம் பண்ணிவிட்டார் போல! படபடப்பாகக் கேட்டேன். "என்ன மேடம் சொன்னேன்? எந்த ஊர்ல பொறந்திருந்தேன்?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நான் ஒண்ணுமே பண்ணலைம்மா. நீங்க குறட்டை விட்டீங்க. நடுவுல ஒரு தடவை, 'மோட்டாரை ஆஃப் பண்ணுங்க, வழியுது'ன்னு கத்துனீங்க."

எனக்கு மானமே போயிற்று. பிறகு மேடம் நிதானமாகச் சொன்னார். முன்ஜென்மம் காட்டுகிறேன் என்பதற்கெல்லாம் ஆதாரம் கிடையாதாம். ஹிப்னோதெரபி சிலருக்கு உதவும், அதுவும் முறையாகப் படித்தவரிடம் போனால்தானாம். "அது இருக்கட்டும், எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?" என்றார். எண்ணிப் பார்த்தேன், நாலுகூடத் தேறவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன். தூக்கமில்லை என்பது அறைந்ததற்குச் சாக்கு ஆகாது, மகளிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்றும் சொல்லித்தான் அனுப்பினார்.

இனி லாரிக்குக் காவல் நிற்பது வீட்டுக்கு ஒரு நாள் முறை என்று அன்றே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். ரெண்டு பேர் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்! மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "ம்" என்றாள், அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து, தலையணையோடு வந்து என் பக்கத்தில் படுத்தாள்.

மறுநாள் விடிகாலை ஹாரன் கேட்டதும் உடம்பு தானாக எழுந்தது. அவள் கண்ணைத் திறக்காமலே என் நைட்டியைப் பிடித்து இழுத்தாள். "இன்னிக்கு நம்ம டர்ன் இல்லம்மா. படு."

களைப்பு இன்னும் முழுசாகத் தீரவில்லை, கோபமும் அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது. போன ஜென்மத்தில் நான் யாரோ என்னவோ, இந்த ஜென்மத்தில் என் கையைப் பார்த்து என் பெண் தோளைச் சுருக்காமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும்.