மஸ்கெலியா ரோட்டில் ஒரு ரொக்கெட்

ஒரு பலூன் வெடித்தால் ஆள் செத்துப்போகுமா? சிரிக்காதீர்கள். போன வியாழக்கிழமை காலையில் எனக்கு அந்தப் பயம்தான்.

மூன்றாம் வகுப்புக்கு அந்த வாரம் விண்வெளிப் பாடம். "விண்வெளின்னா காத்தே இல்லாத எடம்" என்று புதன்கிழமை ஆரம்பித்தேன். முன்வரிசைக் கலைவாணி எழும்பிவிட்டாள்.

"காத்தே இல்லாத எடத்துக்கு எதுக்குங்க டீச்சர் போறாங்க? அவங்களுக்குக் கிறுக்கா?"

"நாளைக்குச் சொல்றேன், உக்காரு" என்று தப்பித்து, ஒரு பலூனை ஊதி, வாயைக் கட்டாமல் விட்டேன். காத்து பின்னால போகுது, பலூன் முன்னால போகுது – ரொக்கெட்டும் அப்படித்தான். வகுப்பே துள்ளியது.

அந்தச் சந்தோஷத்தில்தான் எனக்குப் புத்தி கெட்டது. வீட்டுக்குப் போய்ப் பெரிய தாளில் ரொக்கெட் வரைந்தேன். சும்மாவா? எரிபொருள் தாங்கி, இயந்திரம், ஏவுதளம் என்று அம்புக்குறி போட்டு, சிவப்பு மையில், அழகுத் தமிழில்! மறுநாள் அதைச் சுருட்டிக்கொண்டு டிக்கோயாவில் பஸ் ஏறினேன். யுத்தத்தில் நாடு இருக்கிற இருப்பில் இது ஒரு தமிழ் டீச்சர் எடுத்துப்போகிற சாமானா என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? இல்லையே...

வழியில் கலைவாணியும் ஏறினாள். கொஞ்ச தூரத்தில் இராணுவ செக்பொயின்ட். எல்லாரும் இறங்கி வரிசையில் நின்றோம். என் முறை வந்தது. ஒரு இளம் ஆமிக்காரர் சுருளை விரித்தார்.

அவருக்குத் தமிழ் தெரியாது. படம் தெரியுமே!

"ரொக்கெட்?"

மூன்று மொழியிலும் ரொக்கெட்டுக்கு ரொக்கெட்தான். மண்டு மாதிரி ஆமென்று தலையாட்டினேன். தோளில் கிடந்த துப்பாக்கி அவர் கைக்கு வந்தது. மேலதிகாரியும் வந்தார். யார் வரையச் சொன்னது, யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று சிங்களத்தில் கேள்வி மேல் கேள்வி. ஹட்டன் கடைகளில் பேரம் பேசிப் பழகிய என் சிங்களம் முழுக்க எங்கேயோ ஓடிப்போனது. "இஸ்கோலே... இஸ்கோலே..." பள்ளிக்கூடம் என்ற அந்த ஒரு சொல்தான் வாயில் வந்தது.

அவர் நம்பவில்லை. பஸ்ஸைப் போகச் சொல்லிவிட்டு என்னை மட்டும் ஓரமாக நிறுத்தினார். பஸ்ஸில் ஏறியவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. இப்படி ஓரமாக நிறுத்தப்பட்டவர்கள் எப்போது வீடு திரும்புவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

கலைவாணி மட்டும் ஏறவில்லை.

"போடி, பஸ்ல ஏறு!"

"இருங்க டீச்சர்."

என் பைக்குள் கையை விட்டாள். மிச்சமிருந்த பலூன்களில் ஒன்றை எடுத்தாள். ஊத ஆரம்பித்தாள்.

அடிப் பாவி!

பலூன் தேங்காயளவு ஆனது. பூசணியளவு ஆனது. அவள் நிறுத்துகிற மாதிரி இல்லை. இளம் ஆமிக்காரரின் விரல் துப்பாக்கி விசையில் இருந்தது. இந்த இடத்தில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டால்...? முருகா, முருகா என்று உள்ளுக்குள் கதறினேன்.

விட்டாள்.

'பர்ர்ர்' என்று பலூன் மணல் மூட்டைகளுக்கு மேலே சுழன்று போய், அதிகாரியின் சப்பாத்தடியில் விழுந்தது. இளையவர் குனிந்தே விட்டார்!

"ரொக்கெட்!" என்று வானத்தைக் காட்டினாள் கலைவாணி. "ஹந்தட்ட!" நிலாவுக்காம்.

அதிகாரி பலூனை எடுத்துப் பார்த்தார். அவளுடைய பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். சிரிக்கவில்லை. படத்தைத் தானே வைத்துக்கொண்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

மிச்சத் தூரத்தை நடந்தே போனோம். பையை அவள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"டீச்சர், விண்வெளியில செக்பொயின்ட் இருக்குமா?"

"இருக்காதுடி."

பையை மறு தோளுக்கு மாற்றினாள்.

"அப்பக் காத்து இல்லாட்டியும் பரவாயில்லீங்க டீச்சர்."