மான் இல்லாத காடு

கமலாக்ஷி மாமி வரைந்த காடுகளில் மான் கிடையாது. கிளியும் கிடையாது. உற்றுப் பார்த்தால் மரம்கூட இருக்காது. கறுப்பும் பச்சையுமாக நெட்டுக்குத்தான கோடுகள், நடுநடுவே வெளிச்சம் கசியும் சந்துகள், அவ்வளவுதான்.

மட்டாஞ்சேரியில் எங்களுக்கு அடுத்த வீடு. மாமியின் கணவர் சிவராமகிருஷ்ணன் தேயிலைக் கிடங்கில் குமாஸ்தா. முன்பு நெல்லியாம்பதி எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். அங்கே வீட்டைச் சுற்றிக் காடு. இங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கிடங்கின் சுவர். மாமி உடைந்த தேயிலைப் பெட்டிகளின் பலகைகளை ஒன்றாக அடித்து, தோப்பும்படியில் படகுக்குப் பூசும் பெயின்டை வாங்கி வந்து, காட்டை வரைய ஆரம்பித்தார். முதலில் இலை இலையாகத்தான். எறணாகுளத்தில் ஒரு கண்காட்சியில், வெறும் வண்ணப் பட்டைகளாலான படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தவர், “அப்போ இப்படியும் வரையலாமாக்கும்!” என்றார். இலைகளை அன்றோடு விட்டார். வீட்டுக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். மாமி விடவில்லை.

1979 நவராத்திரி. சமூக மண்டபத்தில் கொலுவுக்குப் பின்னால் சுவர் ஓதமேறி அசிங்கமாக இருந்தது. மறைப்பதற்காகச் செயலாளர் அனந்தநாராயணன் மாமி வரைந்த ஆளுயரக் காட்டுப் படம் ஒன்றைக் கேட்டார்.

“காடுன்னா ஒரு மானாவது வேண்டாமோ, கமலாக்ஷி?”

“மானைப் போட்டா எல்லாரும் மானைத்தான் பாப்பா. காட்டை யார் பாக்கறது?”

வேறு வழியில்லாமல் அப்படியே மாட்டினார்.

சரஸ்வதி பூஜையன்று புத்தகம், வீணை, தையல் மிஷின் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்த கனகாம்பாள் மாமி, அதே கையோடு படத்தின் நடுவிலும் குங்குமம் இட்டுவிட்டார். சாயங்காலத்துக்குள் கோடுகளுக்கிடையே ஒரு முகம் முளைத்துவிட்டது.

“வனதுர்க்கையாக்கும்! கண்ணு தெரியறது பாருங்கோ!”

யாரோ கற்பூரம் காட்டினார்கள். அனந்தநாராயணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “வருஷா வருஷம் இங்கேயே இருக்கட்டும். அடியிலே ‘வனதுர்க்கை’ன்னு எழுதி உன் பேரும் போட்டுடலாம்.”

“சரின்னு சொல்லேன்,” என்றார் கணவர் மெதுவாக. “இத்தனை நாள் கழிச்சு ஒரு பேர் கிடைக்கறது.”

மாமி படத்தருகே போய்க் கையை நீட்டினார். கனகாம்பாள் அலறினார்: “ஐயோ, சுமங்கலி குங்குமத்தை அழிக்கப்படாதுடீ!”

மாமி அந்தக் குங்குமத்தை விரலில் வழித்தெடுத்துத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார்.

“அழிக்கலே மாமி, இட்டுண்டேன். இது துர்க்கை இல்லே, காடு. காடா இருக்கறதுன்னா இருக்கட்டும். இல்லேன்னா ஆத்துக்கு எடுத்துண்டு போறேன்.”

கனகாம்பாள் மறுபடி குங்குமச் சிமிழைத் திறந்தார். மாமி ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினார். “அந்தப் பக்கம் பிடியுங்கோ,” என்று கணவரிடம் சொன்னார். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு பிடித்தார்.

மிளகுக் கிடங்குகளைத் தாண்டி, மாமி முன்னாலும் அவர் பின்னாலுமாகப் போனார்கள். சாயாக்கடை வாசலில் நின்ற, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரன் கதவு என்று நினைத்துவிட்டான்.

“எந்தா சாமீ, புதிய கதகாணோ?”

மாமி திரும்பவில்லை. சிவராமகிருஷ்ணன்தான் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

“காடு!”