பஸ்ஸுக்கு வார்த்த மண்ணெண்ணெய்

மாலை ஆறே கால் மணிக்கு எங்கள் ஊர்க் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ் வந்து நிற்க வேண்டும். அன்றைக்கு வரவில்லை. தூரத்தில் ஹாரன் சத்தமும் கேட்கவில்லை. மகள்களுக்காகக் காத்திருந்த அம்மாக்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். டைம் ஆபீஸில் வருகைப் பதிவு பார்ப்பதோடு, அந்த பஸ்ஸுக்கும் நான்தான் பொறுப்பு. அதில் வரவேண்டிய இருபத்திரண்டு பெண்களில் ஒருத்தி என் மகள் கலா.

இது நடந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. இப்போதும் சாயங்காலம் சாலையில் பஸ் சத்தம் கேட்டால் எழுந்து போய் எட்டிப் பார்க்கிறேன். கம்பெனிக்குப் புதிதாக வந்த பிள்ளைகள், கேட் அருகே பஸ்ஸுக்கென்று கொட்டகை போட்டிருந்தும் அங்கே ஏன் பஸ் நிற்பதில்லை என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

நோ ஸ்டாக்

மோட்டார்களுக்குக் காயில் சுற்றுகிற சிறிய கம்பெனி எங்களுடையது. மெல்லிய கம்பி அறுந்துவிடாமல் சுற்றப் பெண்கள்தான் சரி என்று மேனேஜர் நினைத்தார். வல்லக்கோட்டைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசியவன் நான். அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. பிள்ளையை ஊர் முனையில் ஏற்றி, இருட்டுவதற்குள் ஊர் முனையிலேயே இறக்கிவிட வேண்டும். பஸ் இல்லையென்றால் வேலை இல்லை.

ஜனவரியில் வளைகுடாவில் போர் தொடங்கியது. எங்கோ விழுந்த குண்டுக்கு ஸ்ரீபெரும்புதூர் பெட்ரோல் பங்கில் "நோ ஸ்டாக்" பலகை ஏறியது. டீசலுக்கு லாரிகள் வரிசையில் நின்றன. டிரைவர்கள் வண்டிக்கு அடியிலேயே சமைத்துச் சாப்பிட்டார்கள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "ஏகாம்பரம், இருக்குற டீசல் ஜெனரேட்டருக்கே பத்தல. பஸ்ஸுக்கு நீங்களே எங்கயாவது புடிச்சுக்குங்க. ஒரு நாள் பஸ் வரலன்னாலும் லைன் நின்னுடும். சுங்குவார்சத்திரம் லாட்ஜுல தங்கியிருக்குற பசங்கள எடுத்துப் போட்டுக்கிட்டு நான் போய்க்கினே இருப்பேன். அப்புறம் வந்து வருத்தப்படாதீங்க."

அவரைக் குறை சொல்லவில்லை. எண்ணெய் குறைந்தால் எதையாவது வெட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் முதலில் வெட்டுப்பட்டது எங்கள் பெண்கள் உட்காரும் சீட்டு. அது எனக்கு உறைத்தது. போர் முடிந்துவிடும், டீசலும் வந்துவிடும். ஆனால் பூமியில் இருக்கிற எண்ணெய் ஒரு நாள் குறையத்தானே போகிறது? அன்றைக்கும் முதலில் இறங்கவேண்டியவர்கள் இவர்கள்தானா?

வசூல்

வழி சொன்னவர் முனுசாமி. நிலத்தை விற்றுவிட்டுச் செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர். அவர் மகள் தனம், கலாவுக்குப் பக்கத்து மிஷினில் இருக்கிறாள்.

"ஏன்பா, பஸ்ஸு டீசல்லதான் ஓடணுமா? கெரசின்ல ஓடாதா?"

டிரைவர் கபாலி தலையைச் சொறிந்தார். "ஓடும் நைனா. ஆனா கெரசின்ல வழவழப்பு கெடையாது. பம்ப்பு தேஞ்சிபூடும். கொஞ்சம் டீசலு, கொஞ்சம் எஞ்சின் ஆயிலு கலந்துக்கினா தள்ளிக்கினு போலாம்."

"அவ்ளோதானே? ஆடி மாசம் ஊரு கூடி ஆத்தாளுக்குக் கூழு வாக்குறோம். தை மாசத்துல பஸ்ஸுக்கு வாத்தா இன்னா, கொறஞ்சா பூடுவோம்?"

மறுநாளே முனுசாமி ஒரு பெரிய டின்னைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக வந்தார். ரேஷனில் வாங்கிய மண்ணெண்ணெயை ஒவ்வொரு வீட்டிலும் பாட்டிலில் கொண்டுவந்து ஊற்றினார்கள். கூழுக்குக் கேழ்வரகு வாங்கும்போது யார் எவ்வளவு போட்டார்கள் என்று பார்ப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. இதற்கும் யாரும் பார்க்கவில்லை. என் மனைவி பம்ப் ஸ்டவ்வைத் துடைத்துப் பரண்மேல் வைத்துவிட்டு விறகுக்குப் போனாள். புகையில் இருமிக்கொண்டே, "பஸ்ஸு நல்லா ஓடுதா?" என்று கேட்டாள்.

பஸ் ஓடியது. சமையல்கட்டு நாற்றத்தோடு ஓடியது. கறும்புகை கக்கியது. கபாலி பதமாக ஓட்டினார். டின் பஸ்ஸிலேயே போய்வரும். அதிலிருந்து ஊற்றும்போது அடியில் கொஞ்சம் கலங்கலை எப்போதும் விட்டுவிடுவார். அதைக் கவனித்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை.

மதகு

அன்றைக்குப் பகல் முழுவதும் கேனோடு பெட்ரோல் பங்க் வரிசையில் நின்றேன். என் முறை வருவதற்குள் டீசல் தீர்ந்துவிட்டது. பக்கத்துக் கடையிலிருந்து கம்பெனிக்கு போன் செய்தேன்.

"டேங்க்ல டீசல் ஒரு சொட்டு கூட இல்ல சார்," என்றார் கபாலி. "டின்ல கீற கெரசின அடியோட கவுத்துக்கினு வந்துர்றேன். நீங்க வூட்டுக்குப் போங்க."

சைக்கிளை மிதித்துக்கொண்டு நேராகக் கூட்டுரோட்டுக்கு வந்தேன். ஆறே கால் ஆயிற்று. ஆறே முக்காலும் ஆயிற்று. இருட்டிவிட்டது.

"நீ சொன்னதாலதான் அனுப்சோம்," என்றார் ஒரு அம்மா. "இருட்டறதுக்குள்ள வூட்ல வுடுவோம்னு சாமி மேல சத்தியம் பண்ண மாதிரி பேசுன. இப்ப இன்னா சொல்ற?"

சைக்கிளைத் திருப்பினேன். முனுசாமியும் தன் சைக்கிளில் ஏறிக் கூடவே வந்தார். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார். மேனேஜரை, அமெரிக்காவை, ஈராக்கை, கடைசியில் என்னை. அந்தத் திட்டு எனக்குத் துணையாக இருந்தது. அது இல்லாவிட்டால் என் தலைக்குள் வேறு என்னென்னவோ ஓடியிருக்கும்.

ஏரி மதகைத் தாண்டி பஸ் ஓரமாக நின்றிருந்தது. உள்ளே யாரும் இல்லை. "கலா!" என்று கத்தினேன். வண்டிக்கு அடியிலிருந்து கபாலியின் கால்கள் அசைந்தன.

"பொண்ணுங்க நடந்து போச்சுங்க சார். ரோட்ல போனா லாரி லைட்டு கண்ண கூசுது, நாங்க ஏரிக்கரையோட போறோம்னுச்சுங்க. ஒண்ணா கையப் புடிச்சிக்கினுதான் போச்சுங்க." வெளியே வந்து ஃபில்டர் கிண்ணத்தை நீட்டினார். "டார்ச்ச அடிங்க. பாத்தீங்களா?"

அடியில் பளிங்குபோல் ஒரு படலம்.

"டின் அடியில நின்ன தண்ணி," என்றார் கபாலி. "பைப்புல பூந்த ஏர எடுத்து எடுத்து கையே வுட்டுப்போச்சு. இனிமே ஸ்டார்ட் ஆவாது."

நாங்கள் சாலையில் வந்தபோது அவர்கள் கரையில் போயிருக்கிறார்கள். கரையோரம் சைக்கிள் ஓடாது. வந்த வழியே திரும்பினோம். அவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. அதற்குள் கூட்டுரோட்டில் ஊரே கூடியிருந்தது.

முனுசாமி சைக்கிளிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார். "எவன் வூட்டு பாட்டில்ல தண்ணி? ஊரு பொண்ணுங்கள நட்டாத்துல வுட்டது எவன்? அவனவன் பாட்டில எடுத்துக்கினு வா, மோந்து பாக்குறேன்!"

சிலர் உண்மையிலேயே பாட்டில் எடுத்துவர ஓடினார்கள். சிலர் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்த பார்வையே சரியில்லை. நான் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. யாரும் வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார்கள். ஏதோ ஒரு வீட்டில் பாதி பாட்டில்தான் இருந்திருக்கிறது. தெரு பார்க்கப் பாதி பாட்டிலை நீட்ட மனம் வரவில்லை. தண்ணீர் விட்டு நிரப்பியிருக்கிறார்கள். கூழில் அது தப்பே இல்லை. எல்லா வீட்டிலும் செய்வதுதான்.

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஒரு பொருள் பற்றாமல் போகும்போது இருப்பதைக் கூடிப் பகிர்வது நல்லது. ஆனால் "என்னிடம் இல்லை" என்று ஒருவர் வெட்கமில்லாமல் சொல்வதற்கும் அந்தக் கூட்டத்தில் இடம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் கலக்கும். டின் மட்டுமில்லை, ஊரும் கெட்டுப்போகும்.

அன்றைக்கு இதை எடுத்துச் சொல்லவில்லை. "முதல்ல பொண்ணுங்க வரட்டும்," என்று மட்டும் சொன்னேன்.

அவர்கள் வந்தார்கள். இருட்டிலிருந்து முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது, பிறகு வளையல் சத்தம். பாவாடை ஓரமெல்லாம் சேறு. செருப்புகள் கையில். எண்ணினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. மறுபடியும் எண்ணினேன். கலா என் பக்கத்தில் வந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யார் வூட்டுத் தண்ணின்னு எங்களுக்குத் தெரியும்பா," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "வர்ற வழியில அவளே சொல்லிட்டா. சொல்லிட்டு அழுதா. நாங்க யாரும் சொல்ல மாட்டோம். கேக்காதீங்க."

"சொல்லலேன்னா நாளிக்கு எவளும் வேலைக்குப் போவாதீங்க!" என்று முனுசாமி கத்தினார்.

அவர் மகள் தனம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவர் சைக்கிளின் ஹேண்டில்பாரில் கையை வைத்தாள்.

"இருவத்திரெண்டு பேரும் போறோம் நைனா. வெடிகாலைல கெளம்பி, ஒருத்தி மிதிக்க ஒருத்தி பின்னால குந்திக்கினு போறோம். கெரசின வூட்லயே வெச்சி சோறு ஆக்குங்க. எங்களுக்கு சைக்கிள மட்டும் குடுங்க."

"உனக்கு எங்கடி சைக்கிள் ஓட்டத் தெரியும்?"

"லீவு நாள்ல, நீ சூளைல நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு தூங்கசொல்லோ எடுத்து கத்துக்கினேன்," என்றாள் தனம். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீயும் அந்த சைக்கிள வுடு மாமா. கலாவுக்கும் நான்தான் கத்துக் குடுத்தேன்."