எதுக்குங்க இத்தனை ரத்தம்?

நான் கோபக்காரி. எங்கள் வார்டில் வேலை பார்க்கும் ஜூனியர் டாக்டர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினைந்து வருடம் ஓட்டியவளுக்கு அந்த அளவு கோபம்கூட இல்லாவிட்டால் எப்படி? எந்தக் குழந்தைக்கு எந்த டெஸ்ட் எழுத வேண்டும் என்பதில் எனக்குத் தடுமாற்றமே வந்ததில்லை. மூச்சுத் திணறும் குழந்தை தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லாது; ரத்தம் சொல்லும். அதனால் எடுக்கிறோம். இவ்வளவுதான் விஷயம் என்று இருந்தேன்.

சேலத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு இளம்பிள்ளைப் பக்கத்திலிருந்து ஏழு மாதப் பெண் குழந்தை ஒன்று கடுமையான நிமோனியாவோடு வந்தது. நான்கு நாள் வென்டிலேட்டரில் இருந்து, மீண்டு, அம்மா மடிக்கு வந்துவிட்டது. அப்பா லாரியோடு வடக்கே போயிருந்தார். அம்மாவுக்கு இருபத்து மூன்று வயதிருக்கும். அதிகம் பேசமாட்டாள். எட்டாம் நாள் காலை குழந்தைக்கு மறுபடியும் காய்ச்சல் கொதித்தது. ரத்தம் எடுக்க நர்ஸ் ட்ரேயோடு போனதும் அவள் குழந்தையை அணைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"போதுமுங்க. நாங்க ஊட்டுக்குப் போறோம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏம்மா, விளையாடறியா? இந்தக் காய்ச்சலோட தூக்கிட்டுப் போனா குழந்தை தாங்காது."

அவள் தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். உள்ளே ரத்தக்கறை படிந்த பஞ்சுத் துண்டுகள். ஊசி குத்திய இடத்தில் வைத்து ஒட்டுவோமே, அந்தப் பஞ்சு. ஒன்றைக்கூட விடாமல் சேர்த்து வைத்திருக்கிறாள்.

"என்னம்மா இது? இதையெல்லாம் மஞ்சத் தொட்டியில போடணும்னு சொல்லியிருக்கில்ல?"

"எம்புள்ள ரத்தமுங்க. குப்பையில போட மனசு வர்லீங்க." பிறகு நிமிர்ந்து கேட்டாள். "எதுக்குங்க மேடம் இத்தனை?"

பதில் தெரியாத கேள்வியா இது? கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் நாள், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க எடுத்தோம். அதைப் பார்த்துத்தான் வென்டிலேட்டர் குழாய் போட்டேன். இரண்டாம் நாள் ரத்தத்தில் உப்பு குறைந்திருந்தது; கவனிக்காமல் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும். மூன்றையும் நான்கையும்கூடக் கெத்தாகத்தான் சொன்னேன். ஐந்தாம் நாளுக்கு வந்ததும் என் வாய் தானாக நின்றது. குழந்தை தேறிய பிறகும் காலை, மாலை என்று எடுத்திருக்கிறோம். எல்லா ரிப்போர்ட்டும் ஒரே மாதிரி. எதைப் பார்த்தும் நான் எதையும் மாற்றவில்லை. ரவுண்ட்ஸில் நான் கேட்டால் சொல்வதற்குக் கையில் ஒரு எண் வேண்டுமே என்று ஜூனியர்கள் எழுதியிருக்கிறார்கள். கேட்டுக் கேட்டு அவர்களை அப்படிப் பழக்கியவள் நான்தான். வெட்கமாக இருந்தது.

"கடைசி மூணு நாள் எடுத்தது தேவையில்லாததும்மா. தப்பு என்னோடது."

அவள் முகம் இளகவில்லை. "இன்னைக்குங்க?"

"இன்னைக்கு வேணும். காய்ச்சல் ஏன் திரும்ப வந்துச்சுன்னு எனக்குத் தெரியலை. புது மருந்து போடப்போறேன். அது என் கணிப்புதான். கணிப்பு தப்பா இருந்தா எந்த மருந்துக்கு மாத்தணும்னு இந்த ரத்தம்தான் சொல்லும். மருந்து ஏறின பிறகு எடுத்தா சரியாச் சொல்லாது."

தெரியவில்லை என்று ஒரு தாயிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் உட்கார்ந்து, "அழுகாத சாமி" என்று குழந்தையின் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டாள்.

"நீங்களே எடுங்க மேடம். ஒரே குத்துல எடுத்துருங்க."

ஒரே குத்தில் எடுத்தேன். அந்தக் கைப்பழக்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. நான் கணித்துப் போட்ட மருந்துக்கு ரத்தத்தில் இருந்த கிருமி மசியாது என்று இருந்தது. உடனே மாற்றினேன். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது.

மறுநாள் காலை ரவுண்ட்ஸுக்குப் போனபோது, யாரும் கேட்காமலே அவள் குழந்தையின் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கு வேண்டாம்மா," என்றேன். "தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணும் இல்லை."

பிடித்திருந்த கையை மெல்ல விட்டாள். அத்தனை நாளும் அழாதவள் அப்போதுதான் அழுதாள்.