வைத்தியலிங்கத்தின் பெருவிரல்

திருநெல்வேலிப் பக்கத்தில் ஒருவர் பையில் மடக்குக்கத்தி இருக்கிறது என்றால், எந்த வழக்கு என்றுதான் முதலில் கேட்பார்கள். ஸ்ரீவைகுண்டம் வைத்தியலிங்கத்தின் சட்டைப்பையில் நாற்பது வருடமாக ஒன்று இருந்தது. அதை வைத்து அவர் பென்சில் சீவியிருக்கிறார், கொய்யா நறுக்கியிருக்கிறார், பார்சல் கயிறு அறுத்திருக்கிறார். அதைக் காட்டி ஒரு கோழியைக்கூட விரட்டியது கிடையாது.

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிற வேலை அவருக்கு. தலைமுடி கனத்துக்குமேல் கோடு தடித்தால் தாளைத் திருப்பி வீசுகிற மேலதிகாரியிடம் மாட்டிக்கொண்டவர். பென்சிலைத் திருகிச் சீவும் சாமான்கள் எல்லாம் கரியை ஒடித்துத் தள்ளியதால், டவுன் ரதவீதியில் எலும்புப் பிடி போட்ட ஒரு சின்ன மடக்குக்கத்தி வாங்கினார். பென்சிலுக்காக வந்தது பித்தாகிவிட்டது. ஓய்வு பெற்றபோது முப்பத்தேழு கத்திகள் இருந்தன. மரப்பீரோவின் நடுத்தட்டு முழுக்க அவைதான். அந்தத் தட்டில் துணி வைக்க மனைவி ஆவுடைத்தாய் பத்து வருடம் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

இதில் அப்படி என்ன இருக்கிறது, ஒரு பிளேடு இதைவிட நன்றாக அறுக்குமே என்று அவள் கேட்பாள். அவர் ஒன்றை எடுத்துத் திறப்பார், மூடுவார். பெருவிரல் நகத்தை அலகில் உள்ள சின்னக் குழியில் கொடுத்து இழுத்தால், உள்ளே இருக்கும் வில் முதலில் முரண்டு பிடிக்கும். பாதியில் கொஞ்சம் நிற்கும். அப்புறம் டக்கென்று நேராகும். அந்த டக் ஒவ்வொரு கத்திக்கும் வேறு. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே எந்தக் கத்தி என்று சொல்வார். பொத்தானை அமுக்கினால் பாய்கிற புதுக் கத்திகளை அவசரக்காரன் சாமான் என்பார். துருப்பிடிக்காத அலகு என்றால் தொடவே மாட்டார். எலுமிச்சையும் மாங்காயும் வெட்டி வெட்டி நீலமும் சாம்பலுமாகக் கறுத்துப்போன பழைய உருக்குதான் அவருக்கு உருக்கு. ஒருத்தர் கையில் இருந்ததற்கு அதுதான் அடையாளம் என்பது அவர் கட்சி.

கிறுக்குக்குத் துணை கிடைக்காமல் போகாது. வாட்ஸ்அப்பில் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்து, மாதம் ஒரு ஞாயிறு பாளையங்கோட்டையில் ஆறு பேர் கூடினார்கள். கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எலியேசர் வீட்டுக் கார் கொட்டகைதான் இடம். காயல்பட்டினம் நூகு இருபத்தாறு வருடம் துபாய்ப் பக்கம் அஜ்மானில் இரும்புச் சாமான் கடையில் நின்றுவிட்டு வந்தவர். அங்கே வெள்ளிக்கிழமைதோறும் பழைய சாமான் சந்தையில் அலைந்து ஜெர்மன் கத்தியாகப் பொறுக்கிச் சேர்த்தவர். திருச்செந்தூரிலிருந்து வரும் ரயிலில் நூகு காயல்பட்டினத்தில் ஏறி, ஸ்ரீவைகுண்டத்தில் வைத்தியலிங்கத்துக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருப்பார்.

கூட்டத்தில் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்று எல்லா வீட்டிலும் சொல்லி வளர்த்த பயம், மூன்று மதத்தாருக்கும் பொது. மேசையில் விரித்த துணியில் வைப்பார்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். முதலில் எடுப்பது வைத்தியலிங்கம். அலகின் மேல் பெருவிரலைக் குறுக்காக, பூவைத் தொடுவதுபோல இழுப்பார். "இருக்கு" என்பார், அல்லது "இல்ல" என்பார். அதற்குமேல் பேச்சே கிடையாது. அலகில் ஓர் இம்மி மழுங்கியிருந்தாலும் எந்த இடத்தில் என்று அந்த விரல் சொல்லிவிடும். முப்பத்தாறு வருட வேலையில் அவருக்கு ஒரு பாராட்டுத் தாள்கூட வந்ததில்லை. பெருவிரலுக்கு மட்டும்தான் மரியாதை கிடைத்தது. அதை அவர் மனசுக்குள் ரொம்பப் பெரிதாக வைத்திருந்தார்.

சர்க்கரை வந்து பதினாலு வருடமாகியிருந்தது. மாத்திரை போடுவார், பிறகு சாப்பாட்டுக்குமேல் இரண்டு பூவன்பழமும் உள்ளே தள்ளுவார். ரத்தப் பரிசோதனை என்றால் அடுத்த வாரம் என்பார். விரல்நுனியில் எறும்பு ஊர்கிறது என்று ஒரு வருடம் முனகிக்கொண்டிருந்தார். அப்புறம் ஊர்வது நின்றது. சரியாகிவிட்டது, எல்லாம் தானாக வந்து தானாகப் போவது என்று ஆவுடைத்தாயிடம் சந்தோஷமாகச் சொன்னார். சட்டைப் பொத்தான் மாட்ட இரண்டு பங்கு நேரமாகிறதை வயசின் மேல் போட்டுவிட்டார்.

அந்த வருடம்தான் கத்திகள் மழுங்க ஆரம்பித்தன. அப்படித்தான் அவர் நினைத்தார். முதலில் எலும்புப் பிடிக் கத்தி. தீட்டினார், விரலை இழுத்துப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. இன்னும் தீட்டினார். பிறகு தட்டிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கின. காலை காப்பி குடித்ததும் பின்கட்டில் தண்ணீர்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தால் பத்து மணி வரை தீட்டுகல்லின் சத்தம் கேட்கும். கடற்காற்று ஏறி உருக்கு கெட்டுவிட்டது என்றார். கல் போலி என்று மூன்று கல் மாற்றினார். கிண்ணத்துத் தண்ணீர் செம்மண் நிறமாக இருப்பதைப் பார்த்து ஆவுடைத்தாய் கேட்டபோது துரு என்றார். அவள் நம்பினாள். அவரும் நம்பினார் என்பதுதான் கொடுமை.

கூட்டத்திலும் அவர் வாயிலிருந்து "இல்ல" மட்டுமே வந்தது. எலியேசர் புதிதாகத் தீட்டிக் கொண்டுவந்ததையும் இல்லை என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்த விரலுக்கு இருந்த மரியாதை அப்படி. தங்கள் கையில்தான் பதம் போய்விட்டது என்று ஐந்து பேரும் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து தீட்டினார்கள்.

நூகு ஒரு மாதம் தன் வாப்பாவின் கத்தியைக் கொண்டுவந்து துணியில் வைத்தார். கொழும்பில் கடை வைத்திருந்த காலத்தில் வாப்பா வாங்கியது, மான்கொம்புப் பிடி போட்டது. வாப்பா இறந்தபின் அதைத் தீட்ட நூகு யாரிடமும் கொடுத்ததில்லை. அண்ணாச்சி கையால் ஒரு தடவை கல்லில் இழுத்துத் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். வைத்தியலிங்கம் வீட்டுக்குக் கொண்டுபோய் இருபது நாள் வேலை செய்தார். தன் கத்திகளுக்குக்கூட அவ்வளவு பாடுபட்டதில்லை.

அடுத்த கூட்டத்தில் அவர் அதைத் துணியில் வைத்து, எவ்வளவு தீட்டியும் கூர் ஏறவில்லை, உருக்கு செத்துப்போச்சு என்று வருத்தமாகச் சொன்னார். நூகு எடுத்துத் திறந்தார். விரலகலம் இருந்த அலகு ஈர்க்குச்சியாக இளைத்திருந்தது. மெல்லத் தொட்டதற்கே நூகின் விரலில் ரத்தம் வந்துவிட்டது. அவர் தன் விரலைப் பார்க்கவில்லை, வைத்தியலிங்கத்தின் கையைப் பார்த்தார். வலது பெருவிரலின் சதை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டு. பழைய வெட்டின் மேல் புது வெட்டு. நுனி கறுத்து, ஓரத்தில் சீழ் வைத்திருந்தது. அத்தனை பேர் உட்கார்ந்திருந்தும் அந்த விரலை அதுவரை யாரும் உற்றுப் பார்த்ததில்லை. அது சொன்னதை மட்டுமே கேட்டிருந்தார்கள்.

வாப்பாவின் கத்தி போன துக்கத்தை நூகு அப்படியே விழுங்கிக்கொண்டார். "அண்ணாச்சி, கத்தி மழுங்கல. ஒங்க வெரலுக்குத்தான் உணர்ச்சி போயிருக்கு. இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போவோம், எந்திரிங்க" என்றார்.

வைத்தியலிங்கத்தின் முகம் சுண்டிப்போனது. நாலு பேர் முன்னால் அந்த விரலைக் குறை சொல்லிவிட்டார் என்பதுதான் அவர் காதில் ஏறியது. "எங் கையில ஒண்ணும் இல்ல வே. ஒம்ம கத்திதான் சொத்த" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்று திரும்புகிற ரயிலில் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார். நூகு மறுநாளும் அதற்கடுத்த நாளும் போன் செய்தார். அவர் எடுக்கவில்லை.

பதினைந்து நாள் அந்த விரலை மஞ்சள் குழைத்துப் பூசித் துணி சுற்றி வைத்திருந்தார். நகச்சுற்று என்று ஆவுடைத்தாயிடம் சொன்னார். வலித்திருந்தால் இரண்டாம் நாளே ஓடியிருப்பார். வலிக்கவில்லை. வலிக்காததை அவர் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார். பதினாறாம் நாள் காய்ச்சல் கொதித்து, அவர் அலுவலக மேலதிகாரியின் பெயரைச் சொல்லிப் பிதற்ற ஆரம்பித்தபோதுதான் அவள் துணியை அவிழ்த்தாள். வாடை தாங்காமல் முற்றத்துக்கு ஓடினாள். பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் மறுநாளே விரலை அடியோடு எடுத்தார்கள். பத்து நாள் முன்னால் வந்திருந்தால் மருந்திலேயே பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். கை கால் இரண்டிலும் உணர்ச்சி குறைந்துவிட்டது, தினமும் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும், கூரான சாமான் எதையும் தொடக்கூடாது என்று ஆவுடைத்தாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இரண்டு தடவை சொன்னார்.

நூகு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாசல்வரை வந்து, சர்க்கரைக்காரருக்குப் பழம் கொடுக்கக்கூடாது என்று தெரிந்து வாங்கிய உப்பு பிஸ்கட் பொட்டலத்தை ஆவுடைத்தாயிடம் கொடுத்துவிட்டு, அண்ணாச்சி கூப்பிட்டால் வருகிறேன் என்று வராந்தாவிலேயே ஒரு மணி நேரம் நின்றார். வைத்தியலிங்கம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கூப்பிட வாய்வரை வந்தது என்று பிற்பாடு ஒத்துக்கொண்டார். கூப்பிட்டால் நூகு சொன்னது சரி என்றாகிவிடும். விரலும் போய், விரல் நாற்பது வருடமாகச் சொன்னதும் பொய் என்று ஆகிவிடுவதை அவரால் தாங்க முடியவில்லை. துருப்பிடித்த கத்தி கிழித்ததில் விஷம் ஏறிவிட்டது என்று, பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். வீம்பு. வேறு பெயர் இல்லை அதற்கு.

வீட்டுக்கு வந்த இரண்டாம் மாதம். ஆவுடைத்தாய் ரேஷன் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது பின்கட்டில் கல்லின் சத்தம் கேட்டது. கத்திகளை அவள் பூட்டி வைத்திருந்தாள். எலும்புப் பிடிக் கத்தியை மட்டும் அவர் எங்கோ ஒளித்து வைத்திருந்திருக்கிறார். அலகைப் பல்லால் கடித்துத் திறந்து, நாலு விரல் கையால் கல்லை அமுக்கிக்கொண்டு, இடது கையால் தீட்டிக்கொண்டிருந்தார்.

அவளைப் பார்த்ததும் குழந்தைபோலச் சிரித்தார். "இந்தக் கை நல்லாத்தான் இருக்கு ஆவுடை. நூகு சொன்னதெல்லாம் சும்மா. பாரு, கத்திதான் மழுங்கிக் கெடக்கு" என்று இடது பெருவிரலை அலகில் குறுக்காக இழுத்துக் காட்டினார். கிண்ணத்துத் தண்ணீர் சிவப்பாக இருந்தது.

கல்யாணமான முப்பத்தாறு வருடத்தில் அந்தக் கத்திகளில் ஒன்றைக்கூட அவள் தொட்டதில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, அவர் கையிலிருந்து கத்தியை வாங்கி, தன் பெருவிரலை அலகில் வைத்து அவர் இழுத்த மாதிரியே இழுத்தாள். வலி உச்சந்தலைவரை ஏறியது. உதட்டைக் கடித்தும் கண்ணில் நீர் கொட்டிவிட்டது. ரத்தம் வடிகிற விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இங்கன பாருங்க. இது மழுங்கலா? எனக்கு உயிர் போவுது. ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியலியா?"

வைத்தியலிங்கம் அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு வெட்டு என்றால் மனுஷ முகம் எப்படிச் சுருங்கும் என்பதை அவர் மறந்தே போயிருந்தார். பிறகு தன் இடது பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார். ஐந்து வெட்டுகள் இருந்தன. ஒன்றுகூட இல்லை என்று அவர் நினைத்திருந்தார். தன் விரல் செத்துப்போயிருக்கிறது என்பதை அவர் முதன்முதலில் அப்போதுதான் நம்பினார். அவளைக் காயப்படுத்திவிட்டோமே என்று வெட்கமாகவும், தாங்க முடியாத பயமாகவும் இருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போவோம் ஆவுடை" என்றார்.

ஆட்டோ வருகிறவரை இருவரும் பின்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவள் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து முதலில் தன் விரலைக் கட்டிக்கொண்டாள். துணி படும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, தளர்த்தித் தளர்த்திக் கட்ட வேண்டியிருந்தது. அப்புறம் அவர் கையை மடியில் எடுத்து வைத்தாள். எவ்வளவு இறுக்கினாலும் அவர் கையை இழுக்கவில்லை. வேறு யாருடைய கையையோ கட்டுகிறாள் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.