வெல்காவுக்கு மூன்று விலை

அருணாசலவடிவு என்று முழுப் பெயர் சொல்லி அவரைக் கூப்பிடுவது பேங்க்காரர்கள் மட்டும்தான். எங்களுக்கு வடிவு அக்கா. வயது முப்பத்தெட்டு. கயத்தாற்றுக்காரர். சாகுபுரம் ஃபேக்டரியில் ஷிப்ட் பார்க்கிற செந்தில்வேல் அண்ணனைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தவர். ஒரே மகள் இந்துமதி, எட்டாம் வகுப்பு.

பீச் ரோட்டில், கப்பலுக்குக் கயிறும் பெயின்டும் விற்கிற கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். ஒரு அறை, நாலு மேஜை, ஒரு ஏசி. ஏசித் தண்ணீர் கீழே கயிற்றுச் சுருள் மேல் சொட்டும். தினமும் பதினொரு மணிக்குக் கடைக்கார அண்ணாச்சி வாசலுக்கு வந்து நின்றுகொண்டு, மேலே பார்த்து, "ஏம்மா, மழையை நிப்பாட்டுதியளா இல்லையா?" என்பார். அக்கா, ஜெமி, நான் என்று மூன்று பேர். நாலாவது மேஜைக்கு ஆள் போடுவதாகச் சென்னை சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. இப்போதைக்கு அதில் ஜெமியின் ஹெல்மெட் வேலை பார்க்கிறது.

எங்கள் தொழில் விலை சொல்வது. பிளாக்செயினில் ஓடுகிற புரோகிராமுக்கு வெளியுலகம் தெரியாது. ஒரு கிரிப்டோ காயினை அடமானமாக வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கிற புரோகிராம் என்றால், அந்தக் காயின் இன்றைக்கு என்ன விலைக்குப் போகிறது என்று வெளியிலிருந்து யாராவது அதற்குச் சொல்ல வேண்டும். அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ஆரக்கிள். எங்கள் மென்பொருள் நாலைந்து எக்ஸ்சேஞ்சில் விலை கேட்டு, வரிசையாக அடுக்கி, நடுவில் நிற்கிற விலையை எடுத்து அனுப்பும். அதை ஓட்டுகிறவர்கள் தங்கள் சொந்த டோக்கனை ஈடாக வைத்திருப்பார்கள். தப்பு விலை சொன்னால் ஈடு போச்சு.

புதுக் காயின் வந்தால், எக்ஸ்சேஞ்சில் விலை கேட்கிற பகுதியை நான் எழுத வேண்டும். ஜெமி சோதிக்க வேண்டும். அக்கா பார்த்து அப்ரூவ் பண்ண வேண்டும். குறைந்தது மூன்று தனித்தனி எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் எதுவும் உள்ளே போகக் கூடாது என்று விதி. அந்த விதியை எழுதியவரும் அக்காதான். அதற்காகப் போன வாரம் முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டார்.

அந்த வாரம் திங்கட்கிழமை காலையில் சென்னையிலிருந்து மேனேஜர் சிவப்பிரகாஷ் சார் கூப்பிட்டார். அவர் எதையும் 'பேசிக்கலி' போடாமல் ஆரம்பிக்க மாட்டார். பசிக்கிறது என்பதைக்கூட அப்படித்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

"வடிவு மேடம், குட் மார்னிங்! பேசிக்கலி ஒரு சின்ன வேலை. வெல்கான்னு ஒரு காயின். நம்ம லிஸ்ட்ல ஆட் பண்ணணும். ஒரே ஒரு லைன். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு லான்ச்."

"ஒரு லைன்தானா சார்?"

"பேசிக்கலி ஒரு லைன்."

"அப்போ அந்த லைனை நீங்களே போட்டுருங்க சார். நான் டீ குடிச்சிட்டு வாரேன்."

சிரித்தார். பிறகு குரலை இறக்கினார். "மேடம், உங்ககிட்ட மட்டும் சொல்றேன். தூத்துக்குடி ஆபீஸ் எதுக்குன்னு மேல கேக்குறாங்க. வெல்கா லைவ் ஆயிடுச்சுன்னா நான் ஃபைட் பண்ணிடுவேன். ஆகலைன்னா அடுத்த மாசம் எல்லாரும் சென்னைதான்."

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அக்காவுக்கு மட்டும் சொன்னது எங்களுக்கும் கேட்டது. ஜெமிக்கும் எனக்கும் சென்னை என்றால் ஒரு ஹாஸ்டல் கட்டில். அக்காவுக்கு அப்படி இல்லை. அண்ணனின் ஃபேக்டரி சாகுபுரத்தை விட்டு நகராது. நைட் ஷிப்ட் வாரத்தில் இந்துவை யார் பார்ப்பது?

"மாசத்துக்கு ரெண்டு தடவ முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல வந்து எம்மவளப் பாத்துட்டுப் போகணுமாம்," என்றார் அக்கா. "அதுவும் வெயிட்டிங் லிஸ்ட்ல."

அன்றைக்கே ஆரம்பித்தோம். வெல்கா விற்கிற எக்ஸ்சேஞ்சுகள் மொத்தமே மூன்று. ஒன்று கொஞ்சம் பெரியது. மற்ற இரண்டும் பெயரே கேள்விப்படாதவை. மூன்று வேண்டும், மூன்று இருக்கிறது, முடிந்தது கதை என்று நான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஜெமி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "ஏலே! வெல்கா நாப்பத்தியொரு டாலர் ஆயிட்டு! நேத்து ரெண்டரை சென்ட்கூட இல்லையே! நான் ரெண்டு வாங்கிப் போட்டிருக்கலாமே!"

அக்கா எட்டிப் பார்த்தார். "உக்காரு ளா. அது வெல்கா விலையே இல்ல. ஒரு டாலருக்கு எத்தன வெல்கா வரும்னு அந்தச் சின்ன எக்ஸ்சேஞ்ச்காரன் தலைகீழாச் சொல்லுதான். ஏலே, திருப்பிப் போடு."

"அவன் அப்படின்னு எங்கயும் எழுதலையே அக்கா," என்றேன்.

"அவன் எங்கன எழுதுவான்? அவன் டாக்குமென்ட்ல பாதிப் பக்கம் 'விரைவில் வரும்'னு இருக்கு. மீதிப் பக்கத்துல அவங்க முதலாளி போட்டோ இருக்கு."

புதன்கிழமை துறைமுகம் போகிற ரோட்டில் யாரோ குழி தோண்டி இன்டர்நெட் கேபிளை வெட்டிவிட்டார்கள். பத்து மணிக்குக் கேபிள்காரர் சொன்னார்: "இந்தா ஆள் கெளம்பிட்டான் மேடம், பக்கத்துலதான் வாரான்." மூன்று மணிக்கும் அதையே, அதே உற்சாகத்தோடு சொன்னார். "அந்த ஆளு நடந்து வாராரா, நீந்தி வாராரா?" என்று அக்கா கேட்டதற்கு, "பாத்துச் சொல்லுதேன் மேடம்" என்றார். மூன்று பேரும் போன் நெட்டை வைத்து ஓட்டினோம். சிவப்பிரகாஷ் சார் அரை மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டு, நெட் மெதுவாக இருக்கிறதா என்று கேட்டு, அந்த நெட்டையும் தின்றார்.

வியாழக்கிழமை மதியம் எல்லாம் ஓடியது. மூன்று எக்ஸ்சேஞ்ச் விலையையும் கோடு போட்டுப் பார்த்தால், திரையில் ஒரே கோடுதான் தெரிந்தது. மூன்றும் அவ்வளவு ஒட்டிக்கொண்டு போயின.

"சூப்பர் அக்கா! மூணும் ஆறாவது புள்ளி வரைக்கும் மேட்ச் ஆகுது. டெஸ்ட் பாஸ்!" என்று ஜெமி கையைத் தட்டினாள்.

அக்காவின் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. "காலையில பதினொன்னே முக்காலுக்கு அந்தப் பெரிய எக்ஸ்சேஞ்ச் பராமரிப்புன்னு ஒம்பது நிமிஷம் நின்னுச்சுல்லா? அந்த நேரத்தக் காட்டு."

காட்டினேன். பெரியது நின்ற ஒன்பது நிமிஷமும் மற்ற இரண்டும் ஒரு புள்ளிகூட அசையவில்லை. அது எழுந்ததும் இவையும் எழுந்தன.

"அந்த ரெண்டு கடையிலயும் யாரு வெல்கா வாங்குனா, யாரு வித்தான்னு பட்டியல் எடு."

எடுத்தேன். காலி. இரண்டிலும் வியாபாரமே இல்லை. பெரியவன் போர்டைப் பார்த்துத் தங்கள் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா சேலை முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். "எங்கப்பா, பெரியப்பா, சித்தப்பா மூணு பேருக்கும் கயத்தாறு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல வரிசையா மூணு பலசரக்குக் கட. மூணுக்கும் மூணு பேரு, மூணு கலர்ல போர்டு. வெளியூர் ஆளு எங்கப்பா கடையில கருப்பட்டி விலை கேப்பாரு. 'அம்புட்டா?'ன்னு முகத்தச் சுழிச்சிட்டுச் சித்தப்பா கடைக்குப் போவாரு. அங்கனயும் அதே விலை. பெரியப்பா கடையில போயிக் கேப்பாரு. அதே விலை. 'சரி, மூணு கடையில கேட்டாச்சு, இன்னிக்குச் சந்தை நெலவரம் இதான்'னு நிம்மதியா ரெண்டு கிலோ வாங்கிட்டுப் போவாரு."

"அப்போ சந்தை நெலவரம்?"

"காலையில இட்லி திங்கும்போது செல்லப்பாண்டிப் பெரியப்பா சொல்லுதது."

ஜெமி சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. "கருப்பட்டின்னா ரெண்டு ரூவாயோட போச்சு. இங்கன ஒருத்தன் அந்தப் பெரிய எக்ஸ்சேஞ்ச்ல மட்டும் கொஞ்சம் வாங்கி வெலைய மேல தள்ளினான்னு வையி. மூணும் சேந்து ஏறும். நம்ம சாப்ட்வேர் 'ஆமா, ஏறிட்டு'ன்னு சத்தியம் பண்ணும். அவன் அந்த விலைக்கு வெல்காவ அடமானம் வச்சுக் கடன அள்ளிட்டுப் போயிருவான். கடன் குடுக்கப் பணம் போட்டவன் தலையில துண்டு."

வெள்ளிக்கிழமை காலையில் இதையெல்லாம் சென்னைக்கு எழுதினார். பதில் வரவில்லை. மூன்று மணிக்குப் போன் வந்தது.

"மேடம், பேசிக்கலி மூணு சோர்ஸ் கேட்டீங்க. மூணு இருக்கு. அப்புறம் என்ன?"

"மூணு பேரு இருக்கு சார். சோர்ஸ் ஒண்ணுதான்."

"அது உங்க ஃபீலிங்."

"ஃபீலிங் இல்ல சார், படம் அனுப்பிருக்கேன். ஒம்பது நிமிஷம்."

"ஓகே, ஓகே. இப்போதைக்கு அப்ரூவ் பண்ணிடுங்க. திங்கக்கிழமை ஃபிக்ஸ் பண்ணிக்கலாம்."

"சரி சார். அதையே ஒரு மெயில்ல போட்டு விடுங்க. விலை ஒரே எடத்துல இருந்துதான் வருதுன்னு தெரியும், தெரிஞ்சுதான் போடச் சொல்லுதேன்னு. மெயில் வந்த உடனே பண்ணிருதேன்."



"ஹலோ... மேடம்... வாய்ஸ் பிரேக் ஆகுது..."

"எனக்கு நல்லாக் கேக்கு சார்."

"மேடம், உங்க ஆபீஸை நீங்களே மூடுறீங்க. அது மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க." அந்த வாக்கியத்தைப் பேசிக்கலி இல்லாமல் சொன்னார். வைத்துவிட்டார்.

அக்கா திரையைத் திறந்தார். அப்ரூவ் பட்டனுக்கு மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார். பக்கத்தில் இருந்த போனில் இந்து, மூக்கில் சாக்லேட் ஐஸோடு, வால்பேப்பராக இருந்தாள். ஜெமி மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, ரெண்டு நாள்தான. சனி, ஞாயிறு. ஒண்ணும் ஆவாது."

"ஒருத்தனுக்கு ரெண்டு நிமிஷம் போதும் ளா," என்றார் அக்கா. "ஆவாதுன்னு சொல்லத்தான் எனக்கும் ஆசை. சொல்லிட்டு நான் இங்கன நிம்மதியா உக்காந்து மழைய நிப்பாட்டிக்கிட்டு இருப்பேன்னு நெனைக்க?"

மவுசை விட்டுவிட்டு சிவப்பிரகாஷ் சாரைத் திருப்பிக் கூப்பிட்டார். "சார், நீங்களும் எழுத மாட்டீங்க, நானும் அமுக்க மாட்டேன். வெல்காக்காரங்களையே லைன்ல போடுங்க. நான் பேசுதேன். அவங்க வேற ஆள்ட்ட போறதுன்னா கேட்டுட்டுப் போகட்டும்."

நாலரைக்கு வெல்காவின் ஆள் லைனில் வந்தார். ரேச்சல் என்று பெயர், சிங்கப்பூரில் இருக்கிறார். பேச்செல்லாம் ஆங்கிலம். அக்காவின் ஆங்கிலத்துக்கு அழகெல்லாம் கிடையாது. ஒவ்வொரு வாக்கியமும் தராசில் கல்லை வைக்கிற மாதிரி வந்து விழும். ஒன்பது நிமிஷத்தைக் காட்டினார். காலிப் பட்டியலைக் காட்டினார். விலை ஏறினால் யார் பணம் எப்படிப் போகும் என்று சொன்னார். கருப்பட்டியைச் சொல்லவில்லை. நடுவில் சிவப்பிரகாஷ் சார் இரண்டு தடவை "பேசிக்கலி" என்று உள்ளே வந்து, இடம் கிடைக்காமல் திரும்பிப் போனார்.

ரேச்சல் ஒன்பது நிமிஷப் படத்தை இன்னொரு தடவை காட்டச் சொன்னார். அந்த இரண்டு எக்ஸ்சேஞ்சைப் பற்றி அவருக்கு முன்பே தெரியுமா தெரியாதா என்பது குரலில் தெரியவில்லை. கடைசியில், உண்மையாக வியாபாரம் நடக்கிற இன்னும் இரண்டு எக்ஸ்சேஞ்சில் வெல்காவைச் சேர்க்க முயற்சி செய்வதாகவும், அதற்கு இரண்டு வாரம் ஆகும் என்றும், லான்ச்சைத் தள்ளி வைப்பதாகவும் சொன்னார். வேறு ஆளிடம் போவதைப் பற்றி, போவோம் என்றும் சொல்லவில்லை, போக மாட்டோம் என்றும் சொல்லவில்லை. நன்றி சொன்னார். அதுவும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியாத நன்றி.

அவர் போனை வைத்த பிறகு சிவப்பிரகாஷ் சார் தனியாக லைனில் வந்தார். "நல்லா ஹேண்டில் பண்ணீங்க மேடம். எக்ஸலென்ட்."

"ஆபீஸ் சார்?"

"அது... பேசிக்கலி, லைவ் ஆனாத்தான் நான் மேல பேச முடியும். ரெண்டு வாரம் பாப்போம்."

"அப்போ ரெண்டு வாரத்துக்கு இருக்கு."

"ரெண்டு வாரத்துக்கு இல்லைன்னு யாரும் சொல்லல மேடம்."

அக்கா போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். வெல்கா கோரிக்கைக்குக் கீழே, ஏன் அப்ரூவ் பண்ணவில்லை என்று மூன்று வரி எழுதித் தன் பெயரைப் போட்டார். அப்போது ஷிப்ட் முடிந்து செந்தில்வேல் அண்ணன் கூப்பிட்டார். பின்னால் ஃபேக்டரி பஸ்ஸின் ஹாரன்.

"என்னாச்சு வடிவு? போட்டுட்டியா?"

"போடல."

"போடலியா? அப்போ சென்னையா?"

"அதுவும் தெரியாது. வாய்தா குடுத்துருக்காங்க. ரெண்டு வாரம்."

"ஜட்ஜ் யாரு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்கன உக்காந்து மண்டையப் பிச்சிக்கிடுதேன்?"

"பாப்பா காலையில பள்ளிக்கூடம் போகும்போதே கேட்டா, அம்மா ஊருக்குப் போறாளா, இருக்காளான்னு. வீட்டுக்குப் போன உடனே கேப்பா. என்ன சொல்ல?"

"அம்மா தப்பு விலை சொல்லலன்னு சொல்லுங்க. மத்தது ரெண்டு வாரம் கழிச்சுச் சொல்லுதேன். எனக்கே அம்புட்டுதான் சொல்லிருக்காங்க."