வெள்ளித் தகட்டில் சாம்பிராணிப் புகை

மாலை ஐந்து மணி பத்து நிமிடம். திருச்சியில் ஆராய்ச்சி மாணவியாக இருக்கும் மகள், ஆயுத பூஜைக்கு ஊருக்கு வர நான்கு மணி பஸ்ஸில் ஏறுவதாகச் சொல்லியிருந்தாள். பாடாலூர் தாண்டும்போது கூப்பிடுவாள். அதன் பிறகுதான் பெரம்பலூரில் நான் உலை வைப்பேன். அன்று அழைப்பு வரவில்லை. நான் கூப்பிட்டபோது அவள் போன் அணைந்திருந்தது. இப்போதும் அந்த நேரமானால் என் கை தானாகப் போனைத் தேடுகிறது.

பாடாலூர் பக்கம் ஏதோ வண்டி கவிழ்ந்து கிடப்பதாகப் பக்கத்து வீட்டம்மா மதிலோரம் வந்து சொன்னார். கணவர் ஸ்கூட்டரை எடுத்தார். "நீ வூட்லயே இரு. அவ வந்தாலும் வருவா" என்றார்.

சும்மா உட்கார முடியாமல் பூஜைக்குரிய வெள்ளி விளக்கைத் தேய்க்கத் தொடங்கினேன். மகள் இன்று செய்யும் ஆய்வைத்தான் நானும் அந்த வயதில் செய்தேன். மின்முனையாகும் வெள்ளித் தகட்டைக் கண்ணாடி போலத் தேய்ப்போம். பிறகு உப்புக் கரைசலில் வைத்து, மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி, நாங்களே அதைச் சொரசொரப்பாக்குவோம். அப்போதுதான் அதன்மேல் ஒரே மூலக்கூறு கனத்தில் படிந்திருக்கும் படலம்கூட, லேசர் பட்டதும், சிதறும் ஒளியில் தன் கைரேகை போன்ற ராமன் கோடுகளைப் பெரிதாகக் காட்டும். மூலக்கூறு நிமிர்ந்து நிற்கிறதா, படுத்திருக்கிறதா என்பதுகூட அந்தக் கோடுகளில் தெரியும். இருட்டறையில் அதைப் பார்த்தபடி சாப்பாட்டை மறந்த நாட்கள் எத்தனையோ.

ஓர் ஆயுத பூஜையன்று லேசருக்கும் சந்தனம், குங்குமம் வைத்துச் சாம்பிராணி காட்டினோம். மறுநாள் எங்கள் கோடுகளைக் காணோம். இரண்டு அகன்ற மேடுகள் மட்டும். வெள்ளியில் ஏறியிருந்த புகைக்கரியின் அடையாளம் அது. "சாமி கும்புட்ட பலன் ஒடனே கெடச்சிருச்சுடி" என்றாள் தோழி. மகளுக்கு இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சிரிப்பாள்.

கணவர் போனில் பேசினார். கவிழ்ந்தது லாரிதானாம். ஆனால் அங்கே நின்றுவிட்ட பஸ்களில் ஏறிப் பார்த்துவிட்டார். எதிலும் அவள் இல்லை. விளக்கு கையிலிருந்து நழுவியது.

ஏழரை மணிக்கு கேட் திறந்தது. மகள்தான். கட்டிக்கொண்டபோது அவள் தலைமுடியில் சாம்பிராணி மணத்தது.

"லேப்ல இன்னிக்கே பூசை போட்டுட்டாங்கம்மா. தகட்ட மொதல்லேர்ந்து தேய்ச்சு எடுக்கறதுக்குள்ள பஸ்ஸு போயிருச்சு. போன்லயும் சார்ஜ் இல்ல" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு மேடும்மா. நீ சொன்ன மாதிரியே."